ஒரே ரத்தம்தான் சுற்றி வருகிறது

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் இதயத்தின் படத்தைப் புத்தகம் பார்க்காமலே வரைவாள். பாகங்களைக் குறிப்பாள், அம்புக்குறிகளையும் தப்பாமல் போடுவாள். ஒரு நாள் அவளிடம், "கால் கட்டைவிரலுக்குப் போன ரத்தம் அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கேயே தீர்ந்துடும் சித்தி. சாப்பிடச் சாப்பிடப் புது ரத்தம் ஊறும்ல?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட 1400 ஆண்டுகள் உலகின் பெரிய மருத்துவர்கள் நம்பியதும் இதைத்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர், சாப்பாடு கல்லீரலில் ரத்தமாக மாறுகிறது, அந்த ரத்தம் உடம்பு முழுக்கப் போய்ச் செலவாகிவிடுகிறது என்று எழுதிவைத்தார். வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் மண்ணில் ஊறிப் போய்விடுவது மாதிரி. பார்த்தால் சரியாகத்தானே தோன்றுகிறது? படத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் பலர், தெரியாமலே கேலன் சொன்ன இடத்தில்தான் நிற்கிறார்கள். அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டால் போதும், இந்தப் பாடம் அப்புறம் மறக்காது.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனோம். "இதயம் மட்டும் ஒண்ணு தனியா வேணும்ணே. கீறிடாதீங்க, மேலே இருக்கிற குழாயை ஒட்ட வெட்டிடாதீங்க" என்று சொல்லி வாங்கிவந்தோம். ஆட்டின் இதயம் நம் இதயத்தைவிடச் சின்னது. ஆனால் அமைப்பு ஒன்றுதான், நம்முடையதைப் போலவே நான்கு அறைகள்.

பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்து, முதலில் கத்தியை எடுக்காமல் விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் அமுக்கினால் குழிந்தது. இன்னொரு பக்கம் கெட்டி ரப்பர் பந்து மாதிரி எதிர்த்து நின்றது. குறுக்கே வெட்டியதும் காரணம் தெரிந்தது. கெட்டியான பக்கத்தின் சுவர் மற்றதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். அதுதான் இடது வெண்ட்ரிக்கிள், அதாவது ரத்தத்தை வெளியே தள்ளும் கீழ் அறை. மெலிந்த சுவர் உள்ளது வலது வெண்ட்ரிக்கிள். (படத்தில் எது இடது, எது வலது என்று குழம்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: படத்தில் இருப்பவர் நம் எதிரே நிற்கிறார். அவருடைய இடது நமக்கு வலப்பக்கம் வரும்.)

சரி, ஒரே இதயத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன்? "அந்தப் பக்கம் அதிக ரத்தம் தள்ளுதா?" என்றாள் அவள். இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு பக்கமும் தள்ளுவது ஒரே அளவுதான்: பெரியவர்களுக்கு ஓய்வில் சுமார் 70 மில்லிலிட்டர். வித்தியாசம் தூரத்திலும் எதிர்ப்பிலும் இருக்கிறது. வலது பக்கம் தள்ளும் ரத்தம் பக்கத்து வீட்டுக்கு, அதாவது இதயத்தை ஒட்டியே இருக்கும் நுரையீரலுக்குப் போனால் போதும். இடது பக்கம் தள்ளும் ரத்தம் மேலே உச்சந்தலைக்கும் கீழே உள்ளங்காலுக்கும் போக வேண்டும். வலது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரசம், இடதில் சுமார் 120. பிரஷர் பார்க்கும்போது "120க்கு 80" என்கிறார்களே, அந்த 120 இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயில், எழும் அழுத்தம். அது தளர்ந்து மறுபடி நிரம்பும் நேரத்தில் தமனியில் மிச்சம் இருக்கும் அழுத்தம் 80.

ஆக, இதயம் ஒரு பம்பு என்று சொல்வதைவிட, ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு பம்புகள் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். இரட்டைச் சுற்றோட்டம் என்று பாடத்தில் வருவது இதுதான். இப்போது கட்டைவிரலில் இருந்து புறப்படுவோம். அங்கே ஆக்சிஜனை இறக்கிவைத்த ரத்தம் காலில் உள்ள சிரைகள் (இதயத்துக்குத் திரும்பும் குழாய்கள்) வழியாக மேலேறி, கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்து வலது ஆரிக்கிள் என்ற மேல் அறைக்கு வருகிறது. மூவிதழ் வால்வு என்ற ஒருவழிக் கதவைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரல். அங்கே கார்பன் டைஆக்சைடை விட்டுவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிறது. ஈரிதழ் வால்வைத் தாண்டி இடது வெண்ட்ரிக்கிள், பிறகு பெருந்தமனி, மறுபடி கட்டைவிரல். ஓய்வாக இருக்கும்போது இந்த முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

எதற்கு இடையில் ஒருமுறை இதயத்துக்குத் திரும்ப வேண்டும்? நுரையீரலில் இருந்து நேரே உடம்புக்குப் போகக் கூடாதா? மீனுக்கு அப்படித்தான். அதன் இதயத்தில் ஒரு ஆரிக்கிள், ஒரு வெண்ட்ரிக்கிள். ரத்தம் செவுளுக்குப் போய், அப்படியே உடம்புக்குப் போய்விடும். ஆனால் செவுளின் நுண்குழாய்களுக்குள் நுழைந்து வரும்போதே அழுத்தம் பெரிதும் விழுந்துவிடுகிறது. தண்ணீருக்குள் வாழும் குளிர் ரத்த மீனுக்கு அது போதும். எப்போதும் உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு ஓடியாடும் ஆட்டுக்கும் நமக்கும் போதாது. நுரையீரலில் விழுந்த அழுத்தத்தை மறுபடி ஏற்றித் தள்ளத்தான் இரண்டாவது பம்பு.

வால்வைப் பார்க்க ஒரு எளிய வழி செய்தோம். இதயத்தின் மேலே நீட்டிக்கொண்டிருந்த தடித்த வெள்ளைக் குழாய்தான் பெருந்தமனி. அதற்குள் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே போகாமல் கிண்ணத்தில் நிற்பது மாதிரி நின்றது. அடியில் மூன்று சின்னப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொண்டிருந்தன. இவைதான் அரைச்சந்திர வால்வுகள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெதுவாகக் குறைந்தது. வால்வுக்குச் சற்று மேலேயே இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன, அவை வழியாகக் கசிந்தது. அந்தத் துளைகள்தான் கரோனரி தமனிகளின் வாசல். பெருந்தமனியில் இருந்து பிரியும் முதல் கிளைகள் அவை, இதயத்தின் தசைக்கே ரத்தம் கொடுப்பவை. நான்கு அறை நிறைய ரத்தம் இருந்தும் இதயம் அதிலிருந்து நேரடியாகப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தச் சின்னக் குழாய்கள் கொண்டுவருவதை நம்பித்தான் துடிக்கிறது. இவற்றில் ஒன்று அடைத்துக்கொள்வதைத்தான் மாரடைப்பு என்கிறோம்.

அறைகளுக்குள்ளே வெள்ளை வெள்ளையாக நூல்கள் இழுத்துக் கட்டியிருந்தன. காற்றில் குடை மேலே மடங்கிவிடாமல் கம்பிகள் பிடித்துக்கொள்வதுபோல, வால்வின் இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் திரும்பிவிடாமல் இந்த நூல்கள் பிடித்துக்கொள்கின்றன. நெஞ்சில் காதை வைத்தால் கேட்கும் "லப் டப்" சத்தம் வால்வுகள் மூடும் சத்தம். லப் என்பது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவில் உள்ள கதவுகள், டப் என்பது வெளியேறும் குழாய்களில் உள்ள கதவுகள்.

பெயர்களில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

தமனி என்றால் நல்ல ரத்தம், சிரை என்றால் கெட்ட ரத்தம் என்று பலர் எழுதிவைத்திருப்பார்கள். அதை அடித்துவிடுங்கள். இதயத்தை விட்டு வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்கு வந்து சேரும் குழாய் சிரை. அவ்வளவுதான். உள்ளே ஓடுவது எந்த ரத்தம் என்பது பெயரைத் தீர்மானிப்பதில்லை. இது பிடிபட்டால் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தமும் ஓடுவது விதிவிலக்காகத் தோன்றாது. (இலங்கைப் பாடநூல்களில் படிப்பவர்கள் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும், ஆரிக்கிளைச் சோணையறை, வெண்ட்ரிக்கிளை இதயவறை என்றும் படிப்பார்கள். பொருள் ஒன்றுதான்.)

"கெட்ட ரத்தம்" என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. சிவப்பணுவுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றை நான்கு இருக்கை உள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உட்காரும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ரத்தத்தில்கூடச் சராசரியாக நான்கில் மூன்று இருக்கைகள் நிரம்பியே இருக்கின்றன. ஓடும்போது தசைகள் அந்த மிச்சத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ரத்தம் கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் இறக்கிவிட்டு வருகிறது. நிறமும் அப்படித்தான். கையில் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும் சிரைக்குள் ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். தோல் வழியாக ஒளி போய்த் திரும்பும் விதத்தால் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. லேப்பில் ஊசி குத்தி எடுப்பது சிரையில் இருந்துதான். அந்தக் குழாயில் நீலம் பார்த்தவர் யாராவது உண்டா?

இன்னொரு குழப்பம் நம் பேச்சுத் தமிழில் இருந்தே வருகிறது. "நரம்புல ஊசி போட்டாங்க", "கையில நரம்பு புடைச்சிருக்கு" என்கிறோம். அவை நரம்புகள் அல்ல, சிரைகள். நரம்பு என்று பாடத்தில் வருவது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் இழை, அதில் ரத்தம் ஓடாது. வீட்டில் நரம்பு என்றே சொல்லுங்கள், தேர்வில் மட்டும் பிரித்து எழுதுங்கள்.

ஒரு பெருக்கல் கணக்கு

இப்போது கேலனிடம் திரும்புவோம். அவரை முதலில் மறுத்தவர் ஐரோப்பியர் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல் நஃபீஸ், இதயத்தின் நடுச்சுவரில் ரத்தம் கடக்கும் துளைகள் இருப்பதாகக் கேலன் சொன்னது தவறு, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் இடது பக்கம் வருகிறது என்று எழுதினார். நாங்களும் ஆட்டு இதயத்தின் நடுச்சுவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். ஒரு துளையும் இல்லை.

முழுச் சுற்றையும் நிறுவியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி. 1628இல் அவர் வெளியிட்ட வாதத்தின் முதுகெலும்பு ஒரு சாதாரணப் பெருக்கல். இன்றைய அளவுகளை வைத்து நாமே போடலாம். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7200 லிட்டருக்கும் மேல். தெருவுக்கு வரும் 6000 லிட்டர் தண்ணீர் லாரி நிரம்பி வழியும் அளவு. இவ்வளவு ரத்தத்தைத் தினமும் புதிதாக ஊறவைக்க எத்தனை சோறு சாப்பிட வேண்டும்? ஹார்வி தன் கணக்கில் எண்களை வேண்டுமென்றே குறைத்தே வைத்தார். அப்படியும் ஒருவர் சாப்பிடுவதோடு ஒத்துப்போகவே இல்லை. உடம்பில் மொத்தம் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். அப்படியானால் ஒரே வழிதான் மிச்சம்: அதே ரத்தம் திரும்பத் திரும்பச் சுற்றி வர வேண்டும்.

அவர் காட்டிய சோதனை ஒன்றை நீங்கள் இப்போதே செய்யலாம். கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள், புறங்கையிலோ முன்கையிலோ சிரை ஒன்று எழும்பும். விரல்நுனிப் பக்கமாக அதை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாகச் சிரையை வழித்துவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுங்கள். வழித்த இடம் தட்டையாக, காலியாகவே கிடக்கும். மேலே இருக்கும் ரத்தம் திரும்பி இறங்காது, சிரைக்குள் இருக்கும் வால்வு விடாது. முதல் விரலை எடுத்த உடனே கீழிருந்து ரத்தம் பாய்ந்து நிரம்பும். என் அக்கா மகள் இதைப் பத்துத் தடவை செய்து பார்த்தாள். சிலருக்குச் சிரை எழும்பித் தெரியாது. அப்படியானால் வீட்டில் தாத்தா கையைக் கேளுங்கள்.

ஹார்வியிடம் ஒரே ஒரு கண்ணி மட்டும் விட்டுப்போயிருந்தது. தமனியில் போன ரத்தம் சிரைக்கு எப்படி மாறுகிறது என்பதை அவரால் கண்ணால் காட்ட முடியவில்லை. 1657இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1661இல், இத்தாலியில் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டையும் இணைக்கும் மெல்லிய குழாய்கள் தெரிந்தன. அவைதான் தந்துகிகள்.

சுற்றோட்டம் முழுவதும் நடப்பது இந்தத் தந்துகிக்காகத்தான். அகலம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு. சிவப்பணுக்கள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் மடங்கி நெளிந்து நுழைய வேண்டியிருக்கும். பெருந்தமனியில் வேகமாகப் பாய்ந்த ரத்தம் இங்கே நொடிக்கு அரை மில்லிமீட்டர் அளவில் ஊர்கிறது. குழாய் குறுகினால் வேகம் கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் தந்துகிகள் கோடிக்கணக்கில் பிரிந்து கிடக்கின்றன. வாய்க்காலில் துள்ளி ஓடிய தண்ணீர் மடை திறந்து வயல் முழுக்கப் பரவியதும் வேகம் அடங்குவது மாதிரிதான் இது. அந்த நிதானத்தில்தான் ஆக்சிஜனும் சர்க்கரையும் வெளியே கசிந்து செல்லுக்குப் போக, கழிவு உள்ளே வருகிறது.

அதற்குப் பிறகு ரத்தத்தைக் கீழிருந்து மேலே ஏற்ற இதயத்தின் உந்துதல் மட்டும் போதாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது, வால்வுகள் திரும்ப விடாமல் தாங்கிக்கொள்கின்றன. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்குக் கால் கனத்து வீங்குவது இந்தப் பிழிதல் நடக்காததால்தான்.

ரத்தம் எங்கே ஊறுகிறது?

லேப் குழாயில் ரத்தத்தை வேகமாகச் சுழற்றி எடுத்தால் பிரிந்து நிற்கும். மேலே பாதிக்குச் சற்று அதிகமாக வைக்கோல் நிற நீர், அது பிளாஸ்மா. அடியில் சிவப்பணுக்கள். நடுவில் மெல்லிய வெண்ணிறப் படலம், அதில்தான் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும். காய்ச்சல் வந்தால் எடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று எல்லோர் வீட்டிலும் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரை, தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நான்கு லட்சம் வரை இருக்க வேண்டும். டெங்குக் காலத்தில் "பிளேட்லெட் குறைஞ்சிருக்கு" என்று பதறுவது இந்தத் தட்டணுக்களுக்காக. காயம் பட்ட இடத்தில் முதலில் ஓடிவந்து ஒட்டுபவை அவை. பிறகு பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் என்ற நூல்வலையாக மாறி, அதில் அணுக்கள் சிக்கி ரத்தம் உறைகிறது.

ரத்த வகைகளை 1901இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் பிரித்துக் காட்டினார். ஏ, பி என்பவை சிவப்பணுவின் மேல் இருக்கும் அடையாளங்கள். இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லையென்றால் ஓ. ஏ, பி இரண்டும் எந்த அடையாளத்தின் மேல் ஒட்டி உருவாகின்றனவோ அந்த அடிப்படை அடையாளமே சிலருக்கு இருக்காது. 1952இல் மும்பையில் கண்டறியப்பட்டதால் அதற்குப் பம்பாய் வகை என்று பெயர். சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரியும், ஆனால் ஓ ரத்தமும் அவர்களுக்குச் சேராது. அதே வகை ரத்தம்தான் வேண்டும்.

சிவப்பணுவுக்கு வருவோம். அதற்கு உட்கரு கிடையாது. ஹீமோகுளோபினுக்கு இடம் விட்டுத் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டுத்தான் ரத்தத்துக்குள் வருகிறது. பழுது பார்த்துக்கொள்ள வழியில்லாததால் ஆயுள் சுமார் 120 நாள். முதிர்ந்தவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படுகின்றன, அவற்றில் இருந்த இரும்பு மறுபடி எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆட்டு மண்ணீரலைத்தான் கறிக்கடையில் சுவரொட்டி என்கிறோம். "சுவரொட்டி சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று அம்மாக்கள் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல, அதில் இரும்புச்சத்து நிறைய. பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையும் அதே இரும்புக்குத்தான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்பு சரியாகச் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும்.

ஆகவே ரத்தம் ஊறுவது என்பதும் உண்மைதான், ஆனால் நிதானமாக. அதையும் ஹார்வி மாதிரிக் கணக்குப் போட்டோம். கன மில்லிமீட்டருக்கு 50 லட்சம் சிவப்பணு. 5 லிட்டருக்கு 25 லட்சம் கோடி. 120 நாளில் எல்லாம் மாறிவிட வேண்டும் என்றால் நொடிக்கு எத்தனை? நோட்டில் வகுத்துப் பார்த்துவிட்டு, "24 லட்சம்!" என்று எழுந்து நின்றாள். "ஒரு நொடிக்கா? எங்கே சித்தி, கல்லீரல்லயா?"

அன்று இதயத்தோடு வாங்கிவந்த நல்லி எலும்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டினேன். உள்ளே இருந்து வழுவழுவென்று விழுந்ததைக் காட்டி, இதுதான் எலும்பு மஜ்ஜை என்றேன். பெரியவர்களின் கைகால் எலும்புகளில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றில் சிவப்பாகவே இருந்து ஆயுள் முழுக்க ரத்த அணுக்களை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அவள் தன் நெஞ்செலும்பின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். "இதுக்குள்ளயா?" என்றாள். ஆமாம், அதற்குள்தான்.